பின் சக்கரத்தின் துள்ளலை அடக்கிய கதை

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இருபுறமும் சுருள்வில் சுற்றிய இரண்டு குழாய்கள் நிற்பதை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். மெக்கானிக் இதனை 'ஷாக் அப்சார்பர்' என்கிறார். தமிழில் எழுதுவோர் 'அதிர்ச்சி ஏற்பி' என்று மொழிபெயர்க்கின்றனர். இரண்டு பெயர்களுமே பொருத்தமற்றவை என்று நான் சொன்னால் வியப்படைவீர்கள். சாலையின் மேட்டில் சக்கரம் ஏறும்போது அந்த அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது வெளியே தெரிகின்ற சுருள்வில்தான். உள்ளே மறைந்திருக்கும் குழாயின் வேலை வேறு. வாங்கிய ஆற்றலைச் சுருள்வில் திருப்பித் தரும்போது, அதனை இடையிலே பறித்து, வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுவதே அதன் வேலையாகும். இங்கிலாந்துப் பொறியாளர்கள் அதனை 'டாம்பர்', அதாவது அடக்கி என்றே குறிப்பிடுவர். இக்கட்டுரையில் நாமும் அடக்கி என்றே சொல்வோம்.

ஒரு பெயருக்காக இவ்வளவு பேச்சா என்று கேட்பீர்கள். வில்லும் அடக்கியும் வெவ்வேறு என்பது தெளிவாகப் புரிவதற்கு மோட்டார் சைக்கிள் உலகத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பழைய பந்தய ரக வண்டிக்கு விலை உயர்ந்த புதிய ஷாக் அப்சார்பரை வாங்கி மாட்டுகிறவர்களில் பலர், இன்றும் அதே குழப்பத்தால் பணத்தை இழக்கின்றனர். சில வேளைகளில் அதைவிடப் பெரியதையும் இழக்க நேரிடும்.

வில்வண்டியும் முதல் மோட்டார் சைக்கிளும்

நம் ஊர்களில் கட்டை வண்டியும் உண்டு, வில்வண்டியும் உண்டு. கட்டை வண்டியில் அச்சு நேராக வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். கல்லில் ஏறினால் முதுகெலும்பில் தெரியும். வில்வண்டியில் அச்சுக்கும் தட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் இருக்கும். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெரியவர்கள் வில்வண்டி கட்டிப் போனது வீண் ஆடம்பரம் அன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம், பின்புறத்தைப் பொறுத்தவரையில், கட்டை வண்டிகளே. சட்டத்தின் பின்முனையில் சக்கரம் நேரே முடுக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் இருக்கைக்கடியில் மட்டும் இரண்டு சுருள்வில்கள் இருக்கும். இதனால் ஓட்டுபவருக்கு ஓரளவு சுகம் கிடைத்ததே ஒழிய, சக்கரத்துக்கு ஒரு பயனும் இல்லை.

1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பெனி பின் சக்கரத்துக்குப் பட்டை வில் பொருத்திய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலத்தை மிஞ்சிய முயற்சி அது. மற்றவர்கள் அதனைப் பின்பற்றவில்லை. அக்காலத்து ஓட்டிகளிடையே ஓர் ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது: பின் சக்கரம் ஆடினால் வண்டி நேராக ஓடாது என்பதே அது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். மேலும் கீழும் மட்டும் ஆட வேண்டிய சக்கரம் பக்கவாட்டிலும் சிறிது நெளிந்தால், வேகத்தில் வண்டியின் வால் ஆடத் தொடங்கும். பலவீனமான இணைப்புகளைக் கொண்ட பழைய வண்டிகளில் அது உண்மையாகவே நடந்தது.

பட்டை வில்லில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வில் வளையும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. அந்த உராய்வு ஆற்றலைத் தின்கிறது. எனவே பட்டை வில்லுக்குள்ளேயே, யாரும் கேளாமல், ஓர் அடக்கியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சுருள்வில்லில் அந்த வசதி இல்லை. ஒற்றைக் கம்பியாலான அது வாங்கிய ஆற்றலை ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். பிற்காலத்தில் எடை குறைவு, இடம் குறைவு என்பதற்காகச் சுருள்வில்லுக்கு மாறியவர்கள், தம்மை அறியாமலே அடக்கியைக் கைவிட்டார்கள்.

ஓர் எளிய கணக்கு

கல்லூரியில் சீரிசை இயக்கம் படித்தவர்களுக்கு இது தெரிந்ததே. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்குகிறதோ, அந்த நீளத்தைக் கொண்டே அதிர்வெண்ணைச் சொல்லிவிடலாம். புவியீர்ப்பு முடுக்கத்தை அமுங்கிய நீளத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் வகுக்க வேண்டும். வில் 4 செ.மீ. அமுங்கினால் விடை வினாடிக்குச் சுமார் 2.5 அலைவுகள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, ஓர் அலைவு முடிவதற்குள் 11 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும்.

அடக்கியே இல்லாத வண்டி ஒரு மேட்டில் ஏறி 10 செ.மீ. துள்ளியது என்று கொள்வோம். அது ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். மாறுநிலைத் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உராய்வு இருந்தால், அடுத்த அலைவில் வீச்சு 5 செ.மீ. சற்று மேல், அதற்கடுத்த அலைவில் 3 செ.மீ. சற்றுக் கீழ். பத்தில் நான்கு பங்கு தடை இருந்தாலோ, ஒரே அலைவில் 10 செ.மீ. துள்ளல் 6 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதாவது 11 மீட்டருக்குள் வண்டி அமைதியடைந்துவிடுகிறது.

இதில் சுகத்தைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு, சக்கரம் சாலையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. துள்ளும் சக்கரம் தரையைத் தொடாத கணத்தில் அந்த விசை பூஜ்யம். எனவே உராய்வும் பூஜ்யம். அக்கணத்தில் பிரேக் பிடித்தாலும் பயனில்லை, எஞ்சின் முறுக்கினாலும் பயனில்லை. வளைவில் சாய்ந்திருந்தால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. வளைவின் நடுவில் ஒரு சிறு மேடு பந்தய ஓட்டியைக் கொன்றுவிடக்கூடும் என்பதன் பௌதிகம் இதுதான்.

நான்கு வினாடிகள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் நடைபெறும் டி.டி. பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுச் சாலைகளே பந்தயப் பாதை. ஒரு சுற்று ஏறத்தாழ 60 கி.மீ. கற்சுவர்களும் வீடுகளும் சூழ்ந்த மலைப்பாதையில் 1935இல் ஏழு சுற்றுகள் ஓடவேண்டியிருந்தது.

அவ்வாண்டு 'சீனியர்' பந்தயத்தில் நார்ட்டன் வண்டியில் ஸ்காட்லாந்தின் ஜிம்மி கத்ரி. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸியில் அயர்லாந்தின் ஸ்டான்லி வுட்ஸ். நார்ட்டனின் பின்புறம் கட்டை வண்டிதான். குஸ்ஸியிலோ பின் சக்கரத்துக்கு வில் அமைப்பு இருந்தது. அந்த அமைப்பின் மூலம் 1928ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கார்லோ குஸ்ஸியின் சகோதரர் ஜுஸெப்பே, பின்வில் பொருத்திய ஒரு வண்டியில் இத்தாலியிலிருந்து நார்வேயின் வட துருவ வட்டம் வரை ஓட்டிச் சென்று, அது உடையாது என்று நிரூபித்திருந்தார். வில்கள் எஞ்சினுக்கு அடியில் கிடைமட்டமாகக் கிடந்தன. அடக்குவதற்கு உராய்வுத் தட்டுகள் பயன்பட்டன.

டி.டி.யில் ஓட்டிகள் இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படுவர். நேரத்தைக் கணக்கிட்டே வெற்றி. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் கத்ரி முன்னணியில் இருந்தார். வுட்ஸ் பெட்ரோல் நிரப்ப நிற்பார் என்று நார்ட்டன் அணியினர் நினைத்தனர். அவர் நிற்காமல் பாய்ந்துவிட்டார். முன்னரே முடித்த கத்ரியை வெற்றி பெற்றவராகப் பாராட்டத் தொடங்கியிருந்த வேளையில், மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓட்டத்தை வுட்ஸ் 4 வினாடி குறைவாக முடித்தார். 1911இல் இந்தியன் வண்டி வென்ற பிறகு, அயல்நாட்டு வண்டி ஒன்று சீனியர் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை.

அந்த 4 வினாடிகளைப் பின்வில்தான் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. வுட்ஸின் திறமையும், நிற்காமல் போன தந்திரமும் சேர்ந்தே கொடுத்தன. ஆனால் 'பின்வில் உள்ள வண்டி பந்தயத்துக்கு உதவாது' என்ற வாதம் அன்றோடு முடிந்தது. மறு ஆண்டே நார்ட்டனும் பின்வில் பூட்டிக்கொண்டது. கத்ரி அதில் வென்றும் காட்டினார்.

நார்ட்டன் எடுத்துக்கொண்ட முறை 'பிளஞ்சர்' எனப்படும். சக்கரத்தின் அச்சு, இருபுறமும் உள்ள செங்குத்துத் தண்டுகளில் மேலும் கீழும் வழுக்கும். பி.எம்.டபிள்யூ.வும் 1938இல் இதையே கைக்கொண்டது. பழைய சட்டத்தில் எளிதாகச் சேர்த்துவிடலாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் அசையும் தூரம் மிகக் குறைவு. இடப்புறம் ஓர் அளவும் வலப்புறம் ஓர் அளவுமாக அமுங்கினால் சக்கரம் சாய்ந்துவிடும். சங்கிலியின் இறுக்கமும் மாறும். நல்ல அடக்கியும் இல்லை. நார்ட்டனின் பிளஞ்சர் சட்டத்துக்கு ஓட்டிகள் 'தோட்டத்துக் கதவு' என்று கேலிப்பெயர் சூட்டியிருந்தனர்.

சரியான வழியை வெலோசெட் கம்பெனி காட்டியது. 1936ஆம் ஆண்டின் அதன் பந்தய வண்டியில் பின் சக்கரம் 'ஸ்விங் ஆர்ம்' என்னும் கவை வடிவக் கரத்தின் முனையில் இருந்தது. கரத்தின் மறுமுனை சட்டத்தில் கீல் போலப் பொருத்தப்பட்டிருந்தது. அக்கரத்தைத் தாங்கிய குழாய்களை விமானத்தின் தரையிறங்கு சக்கரங்களுக்குத் தாங்கிகள் செய்துவந்த டௌட்டி கம்பெனி செய்து கொடுத்தது. அடைபட்ட காற்றே வில், எண்ணெயே அடக்கி. பல டன் எடையுள்ள விமானம் தரையைத் தொட்டவுடன் பந்து போலத் துள்ளாமல் ஓடுகிறதே, அதே தத்துவம்.

பெல்ஃபாஸ்டில் ஒரு பட்டறை

உலகப் போரினால் இவ்வேலைகள் நின்றன. போர்க்காலத்திலேயே, 1944 வாக்கில், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ரெக்ஸ் மக்கேண்ட்லஸ் என்பவர் தம் சகோதரர் குரோமியுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு வண்டி செய்தார். பொறியியல் பட்டம் பெறாதவர். தாமே பந்தயம் ஓட்டியவர். அவ்வண்டிக்கு ஸ்விங் ஆர்ம் அமைத்து, சித்ரொயன் கார் ஒன்றின் எண்ணெய் அடக்கிகளைச் செங்குத்தாக நிறுத்திப் பொருத்தினார். இன்று தெருவிலே நாம் காணும் இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டியின் உருவம் அதுதான்.

மக்கேண்ட்லஸ் அதோடு நிற்கவில்லை. பழைய வண்டியின் விறைப்பான பின்பகுதியை நீக்கிவிட்டு, ஸ்விங் ஆர்மும் எண்ணெய் அடக்கிகளும் கொண்ட புதிய பின்பகுதியைச் சேர்க்கும் தொகுப்பு ஒன்றைச் செய்தார். அது விற்பனைக்கும் வந்தது. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டுச் சிறந்த ஷாக் அப்சார்பரை மாட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு இதனை ஒரு தொடக்கமாகச் சொல்லலாம். பெரிய கம்பெனிகளின் வரைபட அறைகள் உறங்கியபோது ஒரு பட்டறைக்காரர் விழித்திருந்தார் என்பது என் கருத்து.

பிறகு நார்ட்டன் அவரை அழைத்தது. அவர் வடிவமைத்த புதிய சட்டத்தை ரெனால்ட்ஸ் கம்பெனி தன் குழாய்களைப் பற்றவைத்துச் செய்து கொடுத்தது. இரண்டு முழு வளையங்களாக எஞ்சினைச் சூழ்ந்து செல்லும் அச்சட்டம் பக்கவாட்டில் நெளியவில்லை. பின்புறம் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் அடக்கிகளும் இருந்தன. ஹரால்ட் டேனியல் என்ற ஓட்டி இதில் ஏறிப் பார்த்துவிட்டு இறகு மெத்தைக்கு ஒப்பிட்டார். 'ஃபெதர்பெட்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. 1950ஆம் ஆண்டு டி.டி.யில் ஜூனியர், சீனியர் இரண்டிலும் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே. சீனியர் பந்தயத்தில் ஜெஃப் டியூக்கின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 148 கி.மீ. பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான். மாறியது சட்டமும் அடக்கியுமே.

அதே காலத்தில் ரெட்டிச் நகரின் ராயல் என்ஃபீல்ட் கம்பெனி, சாதாரண மக்கள் வாங்கும் வண்டிக்கும் ஸ்விங் ஆர்மைக் கொண்டுவந்துவிட்டது. 1948இல் சோதனை ஓட்டங்களில் தோன்றி 1949இல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. புல்லட் அது. இந்திய ராணுவம் அதனைத் தேர்ந்தெடுத்தது; 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட்டுகள் வரத்தொடங்கின. ஆகவே மான் தீவில் மெய்ப்பிக்கப்பட்ட அந்த அமைப்பு நம் சாலைகளுக்கு வர நெடுங்காலம் பிடிக்கவில்லை.

எண்ணெயும் நுரையும்

அடக்கியின் உள்ளே என்ன நடக்கிறது? எண்ணெய் நிறைந்த குழாயில் துளையிட்ட பிஸ்டன் ஒன்று அசைகிறது. எண்ணெய் துளை வழியே பிதுங்கிச் செல்லும்போது தடை உண்டாகிறது. உராய்வுத் தட்டுகளைவிட இது ஏன் சிறந்தது? உராய்வுத் தட்டு அசையத் தொடங்குவதற்கே ஒரு விசை வேண்டும்; சிறு மேடுகளில் அது இறுகி நின்றுவிடும். எண்ணெயோ வேகத்துக்கேற்ற தடையைத் தருகிறது. மெல்ல நகர்ந்தால் மெல்லிய தடை.

ஆனால் வெறும் துளைக்கு ஒரு குறை உண்டு. துளையில் பாயும் வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. எனவே வளைவில் மெல்லச் சாயும்போது அடக்கம் போதாது. கூர்மையான பள்ளத்தில் விழுந்தால் குழாய் கல்லைப்போல் இறுகிவிடும். நல்ல அடக்கிகளில் துளைகளின்மேல் மெல்லிய எஃகு வட்டத்தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அழுத்தம் கூடக்கூட அவை வளைந்து வழிவிடும். தகடுகளின் தடிமனையும் எண்ணிக்கையையும் மாற்றி, அமுங்கும்போது ஒரு தடையும் விரியும்போது அதைவிடக் கூடுதலான தடையும் அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிரி நுரை. பழைய அடக்கிகளில் எண்ணெயோடு சிறிது காற்றும் இருக்கும்; இருந்தே ஆகவேண்டும், ஏனெனில் பிஸ்டன் தண்டு உள்ளே நுழையும்போது அதற்கு இடம் வேண்டுமல்லவா? பல கிலோமீட்டர் கரடுமுரடாக ஓடியதும் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைக்குத் தடைதரும் வலிமை இல்லை. பந்தயத்தின் முதல் சுற்றில் நன்றாக இருந்த வண்டி கடைசிச் சுற்றில் துள்ளுவதற்கு இதுவே காரணம். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் டி கார்போன் இதற்குத் தீர்வு கண்டார். எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரித்து, நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் அடைத்தார். வாயுவின் அழுத்தத்தில் எண்ணெய் குமிழிவிடுவதில்லை. 1950களில் கார்களுக்கு வந்த இவ்வமைப்பு மோட்டார் சைக்கிளுக்கு வரச் சற்றுக் காலமாயிற்று.

அதைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர், என்னைப் போன்ற ஆசிரியர்கள் மகிழும்படி, ஒரு பேராசிரியர்! பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ், தம் மகன் ஓட்டிய மோட்டோகிராஸ் வண்டிக்காக இரண்டு அடக்கிகளையும் எடுத்துவிட்டு, இருக்கைக்கடியில் ஒரே நீண்ட அடக்கியைப் படுக்கவைத்தார். சுஸூகி கம்பெனி அதை வேண்டாம் என்றது, யமஹா வாங்கிக்கொண்டது. 1973இல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் யமஹாவில் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அதுவரை சுமார் 10 செ.மீ. அசைந்த மோட்டோகிராஸ் பின் சக்கரம், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் 30 செ.மீ. வரை அசையும் நிலை வந்தது. 1980இல் யமஹா ஆர்.டி. 350 எல்.சி. என்ற சாலை வண்டியிலும் ஒற்றை அடக்கி ஏறிவிட்டது.

பழைய வண்டிக்குப் புதிய அடக்கி

1972இல் வெளிவந்த கவாசாகி இஸட்-1 போன்ற வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 903 சி.சி., 82 குதிரைத்திறன். எஞ்சின் வளர்ந்த அளவுக்கு அடக்கிகள் வளரவில்லை. வாங்கியவர்களில் பலர் ஹாலந்து நாட்டுக் கோனி போன்ற அடக்கிகளைத் தேடிப் போனார்கள். இன்றும் இவ்வகை வண்டிகளைப் பேணுகிறவர்களுக்காக, வாயு நிரப்பி, தகடுகள் அடுக்கிய புதிய அடக்கிகள் பல நாடுகளில் செய்யப்படுகின்றன. மாட்டுவது எளிது: இருபுறமும் இரண்டு போல்ட்டுகள்தான். எதை மாட்டுவது என்பதே கேள்வி.

முதலில் நீளம். அழகுக்காகவோ சாய்ந்து திரும்புவதற்காகவோ நீளமான அடக்கியைப் போடுகிறார்கள். பின்புறம் 2.5 செ.மீ. உயர்ந்தது என்று கொள்வோம். முன் பின் அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் ஏறத்தாழ 150 செ.மீ. வண்டி முழுவதுமே முன்னோக்கி 1 பாகை சாயும். அதனால் முன் கவை அதே அளவு செங்குத்தாகிறது. முன் சக்கரம் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள உதவும் பின்தொடர் தூரமும் சில மில்லி மீட்டர் குறைகிறது. வண்டி விரைவாகத் திரும்பும். ஆனால் பெருவேகத்தில் கைப்பிடி உதறக்கூடும். பின்புறத்தில் செய்த மாற்றம் முன்புறத்தில் வந்து கேட்கிறது.

அடுத்து வில். அடக்கியின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி 'ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டேன், இப்போது கெட்டியாகிவிட்டது' என்பார்கள். இதை நீங்கள் நம்ப வேண்டாம். ஹூக் விதிப்படி வில்லின் விறைப்பு எண் கம்பியின் தடிமனையும் சுற்றின் விட்டத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. வளையத்தைத் திருகுவதால் அது மாறுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும், சக்கரம் அசையக்கூடிய தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அசைவு 9 செ.மீ. என்றால் 3 செ.மீ. அமுங்கட்டும். வளையத்தை எவ்வளவு திருகியும் இந்த அளவு கிடைக்கவில்லையானால் வில்லைத்தான் மாற்ற வேண்டும். உட்காரும்போது அமுங்கும் இந்தத் தூரம் எதற்கு? சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் இடம் வேண்டும் என்பதற்குத்தான்.

ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தால் எந்த அடக்கியும் உதவாது. 1913ஆம் ஆண்டு ஓட்டிகள் அஞ்சிய அதே வாலாட்டம் வரும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருபுறம் மட்டும் புதியது, மறுபுறம் பழையது என்று மாட்டுவதும் கூடாது.

பலர் மறந்துவிடும் வேலை சங்கிலி. கியர்ப்பெட்டிப் பற்சக்கரம், ஸ்விங் ஆர்மின் கீல், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது சங்கிலி மிக இறுக்கமாக இருக்கும். நீளமான அடக்கியால் ஸ்விங் ஆர்ம் முன்னைவிடத் தாழ்ந்து நிற்பதால், வண்டி சும்மா நிற்கும்போது சங்கிலி வழக்கத்தைவிடத் தொய்வாகத் தெரியும். அதைக் கண்டு இறுக்கிவிட்டால், வண்டி அமுங்கும்போது சங்கிலி கியர்ப்பெட்டியின் தாங்கியை இழுத்துக் கெடுத்துவிடும். ஆகவே அடக்கியை மாட்டி முடித்ததும், எடையுள்ள இருவரை வண்டியில் உட்காரச் சொல்லி, மூன்று புள்ளிகளும் நேர்கோட்டில் வரும் நிலையில் சங்கிலியை விரலால் தூக்கிப் பாருங்கள். அப்போதும் அதில் சிறிது தொய்வு இருக்க வேண்டும்.